ரேடியோ எடுத்த கணக்குப் பாடம்

செப்டம்பர் 9, செவ்வாய்

மூலை அறைத் திரைச்சீலையைத் துவைத்து மாட்டினேன். அடர்நீலம். பின்னால் ஒரே நிறமாக இருந்தால்தான் வீடியோவில் என் விரல்கள் பிள்ளைகளுக்குத் தெளிவாகத் தெரியும். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வந்த அறிவியல் ஆசிரியர் பாதியில் போன் பேசப் போய்விட்டார். பெரிய உதவி.

வடிவொத்த முக்கோணங்கள் ஆரம்பித்தேன். என் நாலு பிள்ளைகளில் ‘தூக்கம்’ இன்று தூங்கவில்லை. பட்டன் வழக்கம்போல் சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். கன்னக்குழி லீவு. புருவத்துக்கு மட்டும்தான் சந்தேகம். சந்தேகம் வந்தால் அவளுக்கு இடது புருவம் தானாக ஏறிவிடும், அதனால் அந்தப் பெயர். சைகையில் பெயர் வைப்பது இப்படித்தான். எனக்கு அவர்கள் வைத்திருப்பது ‘முறைப்பு’. பொருத்தம்தான்.

காது கேளாதோர் பள்ளியை மூடியபோது, “எல்லாரோடயும் சேர்ந்து படிக்கட்டும்” என்று ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் ஊர்ப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சேர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறார்கள், சிவனே என்று. அங்கே ஒருவருக்கும் சைகை தெரியாது. கணக்கையும் அறிவியலையும் நான் இங்கிருந்து வீடியோவில் நடத்துகிறேன். அக்காவுக்குக் காது கேட்காது என்பதால் எனக்குப் பேச்சும் சைகையும் ஒன்றாக வந்தவை. அதனால் கணக்கு டீச்சராக வந்தவள் தலையில் இதுவும் விழுந்தது. விழுந்ததில் வருத்தமில்லை.

வகுப்பு நடுவில் ஹெச்.எம். வந்து என் பின்னால் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு. “மேடம், நம்ம வீடியோ ஆப்ப பெரிய கம்பெனி ஒண்ணு வாங்கிடுச்சாம். பேப்பர்ல போட்டிருக்கு. இனிமே நமக்குக் கவலையே இல்ல.”

“பெரிய மீன் சின்ன மீன முழுங்கினதுக்குச் சின்ன மீன் வீட்டுல என்ன விசேஷம்?” என்றேன்.

“உங்களுக்கு எதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும்” என்று போய்விட்டார்.

செப்டம்பர் 30, செவ்வாய்

புருவத்தின் பள்ளியில் இன்று பெற்றோர் கூட்டம். அவளுடைய அப்பா லேப்டாப் முன்னால் வந்து உட்கார்ந்தார். லாரி டிரைவர். கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நான் திரை வழியாகக் கை கொடுக்கப்போவதுபோல.

“மேடம், பத்தாவது பாஸ் பண்ணிட்டா பாலிடெக்னிக்ல சேத்துடுறேன். உங்களுக்கு வாக்கு குடுக்கிறேன். இல்லன்னா அவ அத்தை ஊருக்கு அனுப்பிடுவேன். அங்க தையல் கம்பெனில ஆள் எடுக்குறாங்க. தாயில்லாத பொண்ணு. நான் ரோட்டுல இருக்கிறவன், இன்னிக்கு இருப்பேன், நாளைக்கு? அவ கையில ஒரு தொழில் இருக்கணும்ல?”

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை அந்த மனுஷன். அவருக்கு மகளோடு பேச வருவது சாப்பிடு, தூங்கு, வா, காசு, இந்த நாலைந்து ஜாடைதான். மீதியெல்லாம் என் மூலமாக. “படம் வரையற படிப்பு வேணும்னு சொல்றா, கட்டடத்துக்கு” என்றேன். “அப்படியா?” என்று மகளை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

கணக்கு ஒன்றுதான் அவளுக்கு இடறுகிறது. மற்றதெல்லாம் பார்த்து எழுதி, மனப்பாடம் செய்து தேறிவிடுவாள். கணக்கு என் பொறுப்பு.

நவம்பர் 3, திங்கள்

மெயில் வந்துவிட்டது. ‘உங்கள் அனுபவம் எதுவும் மாறாது’ என்று முதல் வரி. ஜனவரி முதல் பழைய ஆப் நிற்கும் என்று கடைசி வரி. இரண்டுக்கும் நடுவில் ஒரே குதூகலம்.

கல்வி வாரியம் எல்லாப் பள்ளிகளுக்கும் சேர்த்து ஒப்பந்தம் போட்டாயிற்றாம். வீடியோ, மெயில், வருகைப் பதிவு, மதிப்பெண் எல்லாம் ஒரே கம்பெனியில். ஹெச்.எம்.முக்குத் தலைகால் புரியவில்லை. “ஒரே பாஸ்வேர்டு மேடம், எல்லாத்துக்கும்.”

பழைய ஆப்பைச் செய்த கம்பெனியில் ஒரு எஞ்சினியர் அம்மா இருந்தார். யார் படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை டீச்சரே முடிவு செய்ய ஒரு பொத்தான் வேண்டும் என்று எழுதினேன்; வைத்துக் கொடுத்தார். விரல் மங்குகிறது என்றேன், சரி செய்தார். இன்று அவருக்கு எழுதினேன். ‘இந்த முகவரி பயன்பாட்டில் இல்லை.’

நவம்பர் 5, புதன்

எப்படியோ நம்பர் பிடித்து அந்த அம்மாவிடம் பேசிவிட்டேன். குரலே பாதியாகிவிட்டிருந்தது.

“மேடம், எங்க டீம கலைச்சிட்டாங்க. நான் இப்ப காலண்டர் பிரிவுல இருக்கேன். பிறந்தநாள ஞாபகப்படுத்துற வேலை.”

“அப்ப எங்க பொத்தான்?”

“அது இப்ப யார் பொறுப்புலயும் இல்ல. புது ஆப்லயும் அதச் சேத்துடுங்கன்னு எழுதிக் குடுத்தேன். எத்தனை பேர் பயன்படுத்துறாங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். சிரிச்சாங்க.”

அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? “நல்லா இருங்கம்மா” என்று வைத்தேன். வைத்தபிறகு கோபம் வந்தது.

ஜனவரி 5, திங்கள்

புது ஆப், முதல் நாள். எழுதவே கை வரவில்லை.

சத்தம் எங்கிருந்து வருகிறதோ அவருக்குத்தான் பெரிய படமாம். இதுதான் அதன் புத்திசாலித்தனம். நான் கையால் பேசுகிறவள், எனக்கு ஏது சத்தம்? ஓர் ஓரத்தில் தபால்தலை அளவுக்கு நின்றுகொண்டு சைன், கோசைன் நடத்தினேன். பட்டன் பள்ளியில் யாரோ பெஞ்சை இழுத்தார்கள். பெஞ்ச் பெரிதாக வந்தது. கன்னக்குழி பள்ளியில் ஒரு நாய் குரைத்தது. வெறும் சன்னலைப் பெரிதாகக் காட்டியது. பிள்ளைகள் நாலு பேரும் சன்னலையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் பாடம் என்று.

இன்னொன்று. பின்னணியை மறைக்கிறேன் என்று அது என் விரல்களை அரித்து எடுக்கிறது. ஏழு காட்டினால் ஐந்தாகத் தெரிகிறது. கணக்கு வகுப்பில். அதை நிறுத்தும் வழி வாரியத்திடம் பூட்டி இருக்கிறதாம்.

எல்லோரையும் என் பக்கம் திருப்ப டியூப்லைட்டை அணைத்து அணைத்துப் போட்டேன். எங்கள் ஆட்களைக் கூப்பிடும் வழி அதுதான், வீட்டிலும் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். புது ஆப் வெளிச்சத்தைத் தானே சமன் செய்துவிடுகிறதாம். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் பைத்தியக்காரிபோல் சுவிட்சைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

வகுப்பு பாதியில் நின்றுவிட்டது. ‘நெடுநேரமாகச் சத்தம் இல்லை. யாரும் இல்லை எனக் கருதிக் கூட்டம் முடிக்கப்பட்டது.’

யாரும் இல்லையாம். நாலு பிள்ளைகள் கண்ணைக் கொட்டாமல் உட்கார்ந்திருந்தார்களே, அவர்கள் யார்?

கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். ‘உங்கள் மைக் வேலை செய்கிறதா எனப் பாருங்கள்’ என்று பதில். ஹெச்.எம்.மிடம் காட்டினேன். “விடுங்க மேடம், செவிடன் காதுல ஊதின சங்கு மாதிரி...” என்று ஆரம்பித்து, நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் முறைக்கக்கூட இல்லை. அலுப்பாக இருந்தது.

ஜனவரி 8, வியாழன்

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். லிஃப்ட் மெக்கானிக். எல்லாவற்றையும் லிஃப்டை வைத்துத்தான் யோசிப்பார்.

“லிஃப்ட் கதவு மூடாம இருக்க என்ன பண்ணுவாங்க? குறுக்க ஒரு ஸ்டூலப் போடுவாங்க. உன் மிஷினுக்குச் சத்தம்தானே வேணும்? ரேடியோவ வச்சிடு. பிள்ளைங்களுக்கா கேக்கப்போகுது?”

சிரித்துவிட்டேன். அப்புறம் யோசித்தேன். அப்புறம் பரணிலிருந்து ரேடியோவை இறக்கினேன்.

ஜனவரி 9, வெள்ளி

பலித்துவிட்டது! மைக் பக்கத்தில் ரேடியோவை வைத்துப் பாட விட்டேன். மிஷின் நான்தான் ஓயாமல் பேசுகிறேன் என்று நம்பி என்னையே பெரிதாக வைத்துக்கொண்டது. வகுப்பும் நிற்கவில்லை. விரல்கள் மறையாமலிருக்கக் கைக்கு வெளிர்நிற உறை போட்டுப் பார்த்தேன், கொஞ்சம் பரவாயில்லை.

முக்கோணவியல் நகர்கிறது. வீட்டுக்காரருக்கு ஒரு வாரத்துக்குத் தலைக்கனம் தாங்காது.

ஜனவரி 14, புதன்

இன்று என்ன நடந்தது என்றால், வகுப்பு நடுவில் நாலு பேரும் ஒரே சிரிப்பு. ஏன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். கடைசியில் புருவம் கையைத் தூக்கி, “நகைக் கடனுக்கும் சைனுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டாள்.

புது ஆப் கேட்கிற சத்தத்தையெல்லாம் எழுத்தாக்கிப் பிள்ளைகள் திரையில் என் படத்துக்குக் கீழே ஓட்டுகிறது. என் பக்கத்தில் தெரிவதில்லை. நான் எதிர்ப்பக்கம், கர்ணம் என்று காட்ட, கீழே ‘நிமிடத்தில் நகைக் கடன்’ ஓடுகிறது. புருவம் அதையும் ஒழுங்காகக் குறிப்பெடுத்திருக்கிறாள். நோட்டைத் தூக்கிக் காட்டினாள். ‘கோசைன் = அடுத்துள்ள பக்கம் / கர்ணம். இன்று மாலை மிதமான மழை.’

நானும் அழும்வரை சிரித்தேன். இந்த வருடத்தில் வகுப்பில் முதல் சிரிப்பு.

எழுத்தை அவர்கள் பக்கத்தில் மறைத்துவைக்கச் சொன்னேன். மறைத்தார்கள். தீர்ந்தது.

ஜனவரி 29, வியாழன்

புருவம் மாதிரித் தேர்வில் கணக்கு தேறிவிட்டாள். விளிம்பில்தான். விளிம்பு போதும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிவிட்டது.

ஹெச்.எம். கூப்பிட்டு உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே விஷயம் மோசம். புது ஆப் ஒவ்வொரு வகுப்பிலும் பேசியதையெல்லாம் எழுத்தாக்கி, சுருக்கி, மாதாமாதம் நேராக வாரியத்துக்கு அனுப்புகிறது. எங்கள் யாரையும் கேட்கவில்லை. அது ஒப்பந்தத்தோடு வருகிற ‘கூடுதல் வசதி’.

“மேடம், ஒரு மாசமா நீங்க பேசினதா இதுல இருக்கிறது வானிலை, நகைக் கடன், சமையல் குறிப்பு, எண்ணி முடியாத காதல் பாட்டு. கணக்குன்னு ஒரு வார்த்தை இல்ல.”

“கணக்கு என் கையில இருக்கு. அதுக்குக் கை தெரியாது.”

“பிள்ளைங்க பங்கேற்புன்னு ஒரு கட்டம் இருக்கு. நாலு பேருக்கும் சைபர்.”

“பேசினாத்தான் பங்கேற்பா? அவங்க பேச மாட்டாங்கன்னுதானே இந்த வகுப்பே?”

“எனக்குத் தெரியும் மேடம். எனக்குத் தெரியாதா?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஆனா ரேடியோ வச்சீங்கன்னு அவங்க கேட்டா நான் என்ன சொல்லட்டும்? வச்சீங்கதானே?”

வைத்தேன்தான்.

பிப்ரவரி 12, வியாழன்

வாரிய அதிகாரி வந்தார். இளவயது, மரியாதையானவர். மரியாதை இல்லாதவராக இருந்தால் சௌகரியமாகத் திட்டியிருக்கலாம்.

“வீடியோவப் பாருங்க சார், அதுல தெரியும்” என்றேன்.

“பாத்தேன் மேடம். நீங்க கைய அசைக்கிறீங்க, பின்னாடி ரேடியோ பாடுது. விரல் பாதி தெரியல. அது கணக்கா வேற ஏதாவதான்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“பிள்ளைங்களக் கேளுங்க.”

“யார வச்சுக் கேக்கிறது? சைகை தெரிஞ்சவங்க வாரியத்துல நீங்க ஒருத்தர்தான்.”

என் சாட்சிக்கு நானே சாட்சி.

நம்புகிறாராம் அவர். மனதார நம்புகிறாராம். ஆனால் சிஸ்டத்தில் ஏற்ற வழியில்லையாம். மறு உத்தரவு வரும்வரை வகுப்பை நிறுத்திவைக்கிறார்கள். மறு உத்தரவு எப்போது? அடுத்த கல்வியாண்டுப் பரிசீலனையில். தேர்வு எப்போது? மார்ச்சில்.

இவனுங்களுக்கு என்னதான்டா பண்ணேன் நான்? ஒரு பொத்தான் கேட்டேன். விரல் தெரியட்டும்னு கேட்டேன். தரமாட்டேன்னுட்டு, நானா ஒரு வழி பண்ணிக்கிட்டா, அதையும் பிடிச்சு என் தலையிலயே கட்டுறீங்க. அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு? வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல — போங்கய்யா.

பிப்ரவரி 13, வெள்ளி

காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆப்பில் வகுப்பு என் பெயரில் இல்லை. வகுப்பு நின்றதைப் பிள்ளைகளுக்குச் சொல்லக்கூட விடவில்லை. அந்தந்தப் பள்ளிக்குக் கடிதம் போகுமாம். அதை யார் அவர்களுக்குச் சைகையில் சொல்வது?

பிப்ரவரி 23, திங்கள்

போன் வழியாகவாவது புருவத்தைப் பிடிக்கலாம் என்று பார்க்கிறேன். அவள் வீட்டில் இருப்பது அப்பாவின் போன் ஒன்றுதான். அது லாரியோடு போய்விடுகிறது. அவர் ஊரில் இருந்த ஒரு ஞாயிறு மட்டும் கிடைத்தாள். முக்கோணவியலில் மிச்சம் இருந்ததில் பாதி முடித்தோம். அதற்குள் அவருக்கு லோடு வந்துவிட்டது. “மன்னிச்சுக்குங்க மேடம், எனக்கு வேற வழியில்ல” என்றார்.

பட்டனின் அம்மாவுக்குப் போன் செய்தேன். “அவன் ஸ்கூலுக்கே போக மாட்டேங்கிறான்” என்றார். கன்னக்குழியும் தூக்கமும் என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது. யாராவது ஒருத்தரைத்தான் இழுத்துப் பிடிக்க முடியும் என்று நானே முடிவு செய்துவிட்டேனோ?

மார்ச் 18, புதன்

இன்று கணக்குத் தேர்வு. எனக்கு வேறொரு பள்ளியில் கண்காணிப்பு வேலை போட்டிருந்தார்கள். காது கேட்கிற, வாய் பேசுகிற பிள்ளைகள். சத்தம் போடாதீர்கள் என்று நாள் முழுக்க அவர்களை அதட்டினேன்.

மே 19, செவ்வாய்

புருவம் மற்ற எல்லாவற்றிலும் தேறிவிட்டாள். கணக்கில் போய்விட்டது.

நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர், “எல்லாம் என்னாலதான், அந்த ரேடியோ யோசனை” என்றார். “உங்களாலன்னு ஒண்ணும் இல்ல, பேசாம இருங்க” என்றேன். எரிந்து விழுந்துவிட்டேன் பாவம். அவர் ரேடியோவை எடுத்துக்கொண்டு போய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார்.

ஜூன் 4, வியாழன்

ஹெச்.எம். ஓடிவந்து பேப்பரைக் காட்டினார். அந்தக் கம்பெனி அடுத்த வருடம் சைகை மொழிக்காரர்களுக்குத் தனி வசதி செய்யப்போகிறதாம். யார் படம் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதைப் பயன்படுத்துபவரே முடிவு செய்யலாமாம். புதுக் கண்டுபிடிப்பு என்று போட்டிருக்கிறார்கள்.

“சந்தோஷம்” என்றேன்.

ஜூன் 11, வியாழன்

புருவத்தின் அப்பா வீடியோவில் கூப்பிட்டார். பக்கத்தில் அவள். மெலிந்திருக்கிறாள்.

“மேடம், அவளுக்குன்னு ஒரு போன் வாங்கிட்டேன். அங்க போயிட்டா முகத்தையாவது பாக்கலாம்ல.” மகளை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். “ஒரு உதவி பண்ணணும் நீங்க. அத்தை ஊருக்குப் போறது அவளுக்கு இன்னும் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வேலை, ஊருன்னு காட்டுனா, நான்தான் லோடு ஏத்திட்டுப் போறேன்னு நெனச்சு சோறு கட்டித் தர்றா. நீங்க சொல்லிடுங்களேன்.”

சொன்னேன். வேறு யார் சொல்வது? தையல் கம்பெனி, அத்தை வீடு, அடுத்த வாரம். என் கைகள்தான் சொல்லின.

அவள் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “இது நீங்கள் சொல்வதா, அப்பா சொல்வதா?” என்று கேட்டாள்.

“அப்பா.”

“சரி” என்றாள். “கணக்கு எனக்கு வராது.” அப்புறம், நான் எதிர்பார்க்கவேயில்லை, “வகுப்பு நின்றது நாங்கள் சிரித்ததாலா?” என்று கேட்டாள். இத்தனை மாதமாக அதை நெஞ்சில் வைத்திருக்கிறாள். இல்லை, இல்லை, இல்லை என்று காட்டினேன். நம்பினாளா தெரியவில்லை.

“என்ன சொல்றா?” என்றார் அப்பா.

“மறுதேர்வு எழுதிட்டுத்தான் போவாளாம்” என்றேன்.

“அப்படியா சொன்னா?”

“ஆமா.”

“இவ்வளவு நேரம் கைய ஆட்டுனாளே, அவ்வளவுதானா?”

“நிறையச் சொன்னா. சுருக்கம் இதுதான்.”

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சரி, எழுதட்டும்” என்றார். “கூப்பிட்டுச் சொல்லிக்குடுங்க. போன்தான் இருக்குல்ல.”

சின்ன வயதிலிருந்து அக்காவுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசியிருக்கிறேன். கடைக்காரரிடம், டாக்டரிடம், பெண் பார்க்க வந்தவர்களிடம். ஒரு வார்த்தை கூட்டியதில்லை, குறைத்ததில்லை. அதில் எனக்கு ஒரு கர்வமே உண்டு. இன்று அது போயிற்று.

ஜூன் 12, வெள்ளி

காலையில் கூப்பிட்டேன். எடுத்தாள். தலை வாரவில்லை.

அப்பா நேற்று காலண்டரில் தேர்வுத் தேதியைக் காட்டி, தட்டிக் கொடுத்தாராம். அவளுக்குப் புரிந்துவிட்டது. “நான் ‘சரி’ என்றுதானே சொன்னேன். நீங்கள் என்ன சொன்னீர்கள்?”

மறைக்கவில்லை. சொன்னேன்.

“என் கை பேசியது. நீங்கள் மாற்றிவிட்டீர்கள்” என்றாள். போனை எதிலோ சாய்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். வெறும் சுவர் தெரிந்தது. உள்ளே பாத்திரம் விழும் சத்தம், குழாய்ச் சத்தம். அவ்வளவு சத்தம் வருகிறது என்று அவளுக்குத் தெரியாது. அவள் அழுகிற சத்தமும் கேட்டது. கேட்கக் கூடாததைக் கேட்பதுபோல் இருந்தது, ஆனாலும் நான் போனை வைக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை. “எல்லாம் மறந்துவிட்டது. முதல் பாடத்திலிருந்து சொல்லுங்கள்” என்றாள்.

மறுதேர்வுக்கு மூன்று வாரம்கூட இல்லை. முதல் பாடத்தை எடுத்தேன்.